வெள்ளிக்கிழமை ராத்திரி டாக்கோ: மேஜையா, கவுன்டரா, வண்டியா?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி ஆனால் போதும், "இன்னிக்கு மெக்சிகனா?" என்று சின்னவள் ஆரம்பித்துவிடுவாள். பதில் பெரும்பாலும் ஆமாம்தான். அதற்கு அப்புறம் வரும் "எந்தக் கடை?" என்ற கேள்வியில்தான் அரை மணி நேரம் போகும். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தின் கிழக்குப் பக்கம். வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் தூரத்துக்குள் மெக்சிகன் சாப்பாடு கிடைக்கும் இடங்கள் நிறைய. ஆனால் உற்றுப் பார்த்தால் எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, மேஜையில் உட்காரவைத்து, மெனு கொடுத்து, கேட்காமலே ஒரு கூடை சிப்ஸும் சல்சா என்ற மெக்சிகன் சட்னியும் கொண்டுவந்து வைக்கும் குடும்ப உணவகம். இரண்டாவது டாக்கேரியா. கவுன்டரில் நின்று சொல்லி, பணம் கட்டி, எண்ணைக் கூப்பிட்டதும் நாமே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். மூன்றாவது, பெட்ரோல் பங்க் பக்கத்திலோ டயர் கடை வாசலிலோ இருட்டிய பிறகு வந்து நிற்கும் டாக்கோ வண்டி. டாக்கோ என்றால் சின்ன ரொட்டியில் கறி வைத்து மடித்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து களைத்து வரும் சாதாரண நாளில், குழந்தைகளோடு போவதென்றால், டாக்கேரியாதான். இரண்டு சமயங்களில் மட்டும் இதை மாற்றிக்கொள்வேன். சைவம் சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்தால், கேட்டு விசாரித்த ஒரு குடும்ப உணவகம். அல் பஸ்தோர் டாக்கோ, அதாவது கம்பியில் சுற்றிச் சுட்ட பன்றிக்கறி டாக்கோ, சாப்பிட வேண்டும் என்றே கிளம்பினால், வண்டி. ஏன் இப்படி என்று சொல்ல, டோர்ட்டியாவில், அதாவது கறியைத் தாங்கும் அந்த மெல்லிய ரொட்டியில், ஆரம்பிக்க வேண்டும்.

பலர் விலையில் ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் கறியில். நம் ஊரில் புது ஓட்டலுக்குப் போனால் முதலில் இட்லியைத் தொட்டுப் பார்ப்போம் இல்லையா? இங்கே அந்த இடம் சோள டோர்ட்டியாவுக்கு. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, மறுநாள் தோல் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயாமல் அரைப்பார்கள். அந்த மாவுக்குப் பெயர் மாசா. பழைய முறையில் அரைக்கிற கல்லுக்கு மெட்டாட்டே என்று பெயர். நம் அம்மியும் குழவியும்தான், கால் வைத்திருக்கும், அவ்வளவே வித்தியாசம். வட்டமாகத் தட்டிய மாவைப் போட்டு எடுக்கும் கொமால் நம் தோசைக்கல்.

சுண்ணாம்பு எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தோல் கழன்று வருவதற்கும், மாவு ஒட்டிக்கொண்டு வட்டமாக நிற்பதற்கும் அதுதான் காரணம். அதோடு, சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அது விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலியின் ஏழைகளும், பிற்பாடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளும் பெல்லாக்ரா என்ற நோயில் விழுந்ததற்கு அதுவே காரணம். சுண்ணாம்புத் தண்ணீரைக் கண்டுபிடித்த அந்தப் பழங்காலத்துப் பெண்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

சரி, கடைக்கு வருவோம். கையால் தட்டிய டோர்ட்டியாவைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரம் முழு வட்டமாக இருக்காது, லேசாகப் பிசிறடிக்கும். மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளி. கொமாலில் இரண்டாம் தரம் திருப்பும்போது பூரி மாதிரி ஒரு நொடி உப்பி அடங்கியிருக்கும், அதனால் உள்ளே இரண்டு ஏடு தெரியும். மடித்தால் விரியாது. மூக்கருகே கொண்டுபோனால் மழை பெய்த மண்ணும் வேகவைத்த சோளமும் கலந்த ஒரு வாசம். பாக்கெட் டோர்ட்டியாவில் இந்த வாசம் வராது, மடித்த இடத்தில் கீறல் விடும். வண்டிகளில் ஒரு டாக்கோவுக்கு இரண்டு சின்ன டோர்ட்டியா அடுக்கித் தருவதில் இந்தக் கணக்கும் உண்டு. ஒன்று கிழிந்தாலும் கறியும் சாறும் கீழே போகாது.

மூன்று வகைக் கடைகளில் எதில் கையால் தட்டுவார்கள்? வகையை வைத்துச் சொல்ல முடியாது, கடையை வைத்துத்தான் சொல்ல முடியும். எங்கள் பக்கத்து ஒரு குடும்ப உணவகத்தில் வாசலை ஒட்டியே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா நின்று தட்டுகிறார். மாவை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, மரப் பலகை அழுத்தியின் நடுவே வைத்து, மேல் பலகையைச் சாய்த்து ஒரே அழுத்து. திறந்ததும் இடது கையால் பிளாஸ்டிக் தாளோடு எடுத்து வலது கையில் கவிழ்த்து, தாளை உரித்துக் கொமாலில் விடுகிறார். விரல் படுவதே தெரியாது. ஒரு டோர்ட்டியா வேகும் நேரத்தில் அடுத்த மூன்று தயாராகிவிடுகிறது. என் பெண் அங்கே போனால் மேஜைக்கு வராமல் அந்தக் கண்ணாடி முன்னாலேயே நிற்பாள்.

கோதுமை டோர்ட்டியா தனிக் கதை. கோதுமையைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். மெக்சிகோவின் வடக்கில், சொனோரா போன்ற வறண்ட மாநிலங்களில் அது வேரூன்றியது. "அசல் மெக்சிகன் என்றால் சோளம்தான், கோதுமை அமெரிக்கச் சரக்கு" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. சொனோராக்காரருக்கு மெல்லிய கோதுமை டோர்ட்டியாதான் பாட்டி கைப்பக்குவம். நம் சப்பாத்திக்கு ரொம்ப நெருக்கம் என்பதால் நம் குழந்தைகள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். கறியும் பயறும் உள்ளே வைத்துச் சுருட்டும் பரிட்டோவுக்கும் இதுதான் வேண்டும்.

இப்போது குடும்ப உணவகம். இதன் பெரிய பலம் உட்கார்ந்து பேசலாம் என்பது. நாற்காலி வசதியாக இருக்கும், குழந்தைக்கு உயர நாற்காலி இருக்கும், தண்ணீர் தீரத்தீர ஊற்றுவார்கள். கூட்டுத்தட்டு என்று ஒன்று இருக்கும்: ஒரு என்சிலாடா (சுருட்டிய டோர்ட்டியா மேல் மிளகாய்ச் சாறு ஊற்றியது), ஒரு டாக்கோ, அல்லது ஒரு சிலே ரெயேனோ, பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சோறும் மசித்த பயறும். பெரும்பாலான இடங்களில் இது டெக்ஸ்-மெக்ஸ் பாணியில் வரும். டெக்சாஸ் எல்லையில் மெக்சிக வம்சாவளியினர் பல தலைமுறைகளாகச் சமைத்து வளர்த்த சமையல் அது. மஞ்சள் சீஸ் தாராளமாக இருக்கும், சீரகம் தூக்கலாக இருக்கும், மாட்டிறைச்சி முன்னால் நிற்கும். இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுடச்சுட இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஃபஹீட்டாவைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஹூஸ்டனின் நின்ஃபா லாரென்சோ. கணவர் இறந்த பிறகு, நொடித்துக்கொண்டிருந்த டோர்ட்டியா தொழிற்கூடத்தைக் காப்பாற்ற, 1973-ல் அதன் முன்பகுதியிலேயே சின்ன உணவகம் தொடங்கினார். வெட்டி ஒதுக்கப்படும் மலிவான வயிற்றுத் தசையைக் கரியில் சுட்டு டோர்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். அதைப் போலி என்று யார் சொல்வது?

ஆனால் குடும்ப உணவகத்தில் ஒரு ஆபத்து உண்டு, அது அந்த இலவச சிப்ஸ் கூடை. பசியோடு உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டு கூடையைக் காலி செய்துவிட்டு, தட்டு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு கூடையோடு நிறுத்திவிடுகிறோம். இன்னொன்று, கூட்டுத்தட்டில் எல்லாவற்றின் மேலும் ஒரே சீஸை உருக்கி ஊற்றிவிட்டால் என்சிலாடாவுக்கும் பரிட்டோவுக்கும் நாக்குக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் நான் அங்கே கூட்டுத்தட்டுக்குப் போவதில்லை. மேஜைக் கடையில்தான் நன்றாகச் செய்ய முடியும் என்கிற, நேரம் பிடிக்கிற பதார்த்தங்களைக் கேட்பேன். சிலே ரெயேனோ அதில் முதலாவது. பெரிய பொப்லானோ மிளகாயைத் தீயில் வாட்டித் தோலுரித்து, வயிற்றில் சீஸ் அடைத்து, நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. நம் மிளகாய் பஜ்ஜியின் சொந்தக்காரன் என்று சொல்லலாம். சைவம் என்று நினைத்துக் கேட்பவர்கள் முட்டையை மறந்துவிட வேண்டாம்.

அடுத்தது மோலே. மிளகாய் வகைகள், எள், கொட்டைப் பருப்புகள், பட்டை, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட் என்று இருபதுக்கு மேல் சாமான் போட்டு வறுத்து அரைத்துக் காய்ச்சும் குழம்பு. புவெப்லாவும் வாஹாக்காவும் இதற்குப் பெயர் போன ஊர்கள். வறுத்து அரைக்கும் குழம்பை மணக்க மணக்கச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது முதல் வாயிலேயே பிடிபடும். மெனுவில் மோலே இருந்தால், அதுவும் வீட்டில் அரைத்தது என்று பரிமாறுபவர் தெம்பாகச் சொன்னால், அந்தக் கடை மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

டாக்கேரியாவுக்கு வந்தால் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். கவுன்டருக்குப் பின்னால் தட்டையான இரும்புக் கல்லில் கறி கொத்தப்படும் சத்தம் நம் கொத்து பரோட்டா சத்தம்தான். சுவரில் கறி வகைகள் எழுதியிருக்கும்: கார்னே அசாடா என்றால் சுட்ட மாட்டிறைச்சி, போயோ என்றால் கோழி, கார்னிடாஸ் என்றால் பன்றிக் கொழுப்பிலேயே மெதுவாக வெந்து ஓரம் மொறுமொறுத்த பன்றி இறைச்சி, லெங்குவா என்றால் நாக்கு. கறியைத் தேர்ந்தெடுத்து, அதை டாக்கோவாகவா, பரிட்டோவாகவா, சீஸ் வைத்து மடித்துச் சுட்ட கேசடியாவாகவா என்று சொன்னால் வேலை முடிந்தது. ஏழு நிமிடத்தில் சாப்பாடு கையில்.

பரிட்டோ என்றால் இந்தப் பக்கத்தில் மனதில் வருவது சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரம். 1960-களில் அங்கே பிறந்ததுதான் சோறு, பயறு, கறி எல்லாம் அடைத்து வெள்ளித்தாளில் சுற்றிய இந்தக் குண்டு பரிட்டோ. எல் ஃபாரோ கடை 1961-ல் தாங்கள்தான் முதலில் விற்றோம் என்கிறது. லா கும்ப்ரே கடை 1969 என்று தன் கணக்கைச் சொல்கிறது. அதே வட்டாரத்தில் 1973-ல் மிகெல் ஹாரா தொடங்கிய லா டாக்கேரியா இன்னொரு பக்கம் நிற்கிறது: அங்கே பரிட்டோவுக்குள் சோறே கிடையாது. கறியும் பயறும் சல்சாவும் மட்டும். நான் லா டாக்கேரியா கட்சி. சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் கறியின் சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். உங்கள் தெருக் கடையிலும் "சோறு வேண்டாம், பயறு கூடுதலாக வையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள்.

டாக்கேரியாவை நான் முதலில் வைப்பதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. சல்சா மேடைதான் முக்கியக் காரணம். சின்னச் சின்னக் கிண்ணத்தில் நாமே அள்ளிக்கொள்ளலாம். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி பொடியாக நறுக்கிய பீக்கோ தே காயோ குழந்தைகளுக்கு. தொமாத்தியோ என்கிற, தாள் உறை போர்த்திய பச்சைக் காயில் அரைத்த புளிப்புச் சட்னி பெரியவர்களுக்கு. காய்ந்த அர்போல் மிளகாயில் அரைத்த சிவப்பு, காரம் கேட்கிறவர்களுக்கு. ஊறுகாய் போட்ட ஹலபேன்யோ மிளகாயும் கேரட்டும், முள்ளங்கித் துண்டு, எலுமிச்சை எல்லாம் ஓரமாக இருக்கும். ஒரே மேஜையில் காரம் தாங்காத ஐந்து வயதுப் பிள்ளையும் ஆந்திரா ஊறுகாயைச் சும்மா சாப்பிடும் சித்தப்பாவும் நிம்மதியாகச் சாப்பிட முடிவது இதனால்தான். குடும்ப உணவகத்தில் பெரும்பாலும் ஒரே சல்சாதான் வரும், அதுவும் எல்லோருக்கும் ஒத்துப்போகும்படி சாதுவாக. ஒரு எச்சரிக்கை: ஆரஞ்சு நிறச் சல்சா இருந்தால் அது அபனேரோ மிளகாயாக இருக்கலாம். ஹலபேன்யோவின் காரம் ஸ்கோவில் அளவில் 2,500-லிருந்து 8,000 வரை. அபனேரோ ஒரு லட்சத்தில்தான் தொடங்கும். நம் நாக்கு பழகியது என்ற தைரியத்தில் கரண்டி நிறைய ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

மிளகாயே அந்த மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்ததுதானே. தக்காளியும் அங்கிருந்துதான். ஆஸ்டெக் மக்களின் நஹுவாட் மொழியில் 'தொமாட்டில்' என்றிருந்த சொல்தான் டொமேட்டோ ஆனது. வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயில் இருக்கிற 'மோலே'யும் குழம்பு மோலேயும் அதே மொழியின் 'மொல்லி', அரைத்துச் செய்த சாறு. டாக்கேரியாவில் உட்கார்ந்து மிளகாய்ச் சட்னி தொட்டுக்கொள்ளும்போது விருந்தாளியாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டிக்கு ஏன் போக வேண்டும் என்றால், ட்ரோம்போ. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பம்பரம். மிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுதும் பூசிச் சிவந்த பன்றி இறைச்சியை ஏடு ஏடாகக் குத்துக்கம்பியில் அடுக்கி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செதுக்கி, பக்கவாட்டுத் தீயில் சுற்றவிடுவார்கள். பார்க்கப் பம்பரமேதான். உச்சியில் ஒரு அன்னாசிப்பழம். கத்தியால் ஓரத்தைச் சீவினால் கருகிய விளிம்போடு கறி இடது கை டோர்ட்டியாவில் விழும். அடுத்த வீச்சில் உச்சியிலிருந்து ஒரு அன்னாசித் துண்டு பறந்து வந்து அதன் மேல் உட்காரும். இதுதான் அல் பஸ்தோர், மேய்ப்பர் பாணி. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இதன் மூலம். புவெப்லாவில் முதலில் அரபு டாக்கோ என்று வந்தது, அப்புறம் ஆட்டுக்குப் பதில் பன்றி, அரபு மசாலாவுக்குப் பதில் மெக்சிக மிளகாய் என்று மாறியது.

உணவகத்திலும் டாக்கேரியாவிலும் அல் பஸ்தோர் மெனுவில் இருக்கும். ஆனால் பல இடங்களில் ட்ரோம்போ இருக்காது, ஊறவைத்த கறியைக் கல்லில் வதக்கித் தருவார்கள். சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். வெள்ளி, சனி ராத்திரிகளில் கூட்டம் வரும் வண்டியில் கம்பி இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், சீவச் சீவப் புது ஓரம் வெந்துகொண்டே இருக்கும். அதனால் காலியாக நிற்கும் வண்டியைவிட வரிசை நிற்கும் வண்டி நல்லது. இதில் கடை நடத்துகிறவர்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் இன்று பல கிளைகளோடு இருக்கும் கிங் டாக்கோ, 1974-ல் ரவுல் மார்ட்டினெஸ் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை மாற்றி அமைத்துத் தொடங்கியதுதான்.

வண்டியின் குறைகளும் தெரிந்ததே. நின்றபடியோ கார் மூடி மேல் தட்டை வைத்தோ சாப்பிட வேண்டும். கழிப்பறை இல்லை. ஜனவரி குளிரில் குழந்தையோடு நிற்க முடியாது. சைவத்துக்கு வாய்ப்பும் குறைவு. சீஸ் கேசடியா கிடைக்கும், ஆனால் கறி வதக்கிய அதே கல்லில், அதே கரண்டியில். இதில் மனம் ஒப்பாதவர்கள் வண்டிப் பக்கம் போக வேண்டாம்.

சைவம் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் ஒரு தவறு செய்தேன். முதல் முறை அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது ஒரு குடும்ப உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். மெனுவில் சைவத் தட்டு என்று போட்டிருந்தது. சோறு, மசித்த பயறு, சீஸ் என்சிலாடா. அம்மா அந்தப் பயற்றை ரசித்துச் சாப்பிட்டார். "நம்ம காராமணி மசியல் மாதிரி இருக்குடி, நெய் விட்டிருக்காளோ?" என்றுகூடக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பரிமாறிய பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பயறு மான்டேகாவில் தாளித்தது, சோறு கோழிச் சாற்றில் வெந்தது என்றான். மான்டேகா என்றால் பன்றிக் கொழுப்பு. எழுபது வயதுவரை முட்டைகூடத் தொடாதவர். அம்மா திட்டவில்லை. கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "தெரியாமத்தானே, விடு" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் வேறெதுவும் சாப்பிடவில்லை. அந்தச் சைவத் தட்டு என்ற தலைப்பு மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. ஆனால் கேட்காமல் விட்டது நான்.

அதனால் நான் கற்றுக்கொண்டதை விவரமாகச் சொல்கிறேன். மசித்த பயறு, அதாவது ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீட்டோஸ், பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பில்தான். இப்போது எண்ணெயில் செய்யும் கடைகள் ஏராளம், ஆனால் கேட்டால்தான் தெரியும். மசிக்காத முழுப் பயறு, ஃப்ரிஹோலெஸ் தே லா ஒல்லா, அதாவது பானைப் பயறு, பெரும்பாலும் தண்ணீர், உப்பு, வெங்காயத்தோடு வெந்தது. அதிலும் சிலர் பேக்கன் போடுவார்கள். ஆரஞ்சு நிறச் சோற்றில் கோழிச் சாறு அல்லது கோழித் தூள் சேர்ப்பது ரொம்பச் சகஜம். சோள டோர்ட்டியாவில் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர், அவ்வளவுதான், அது பயமில்லை. கோதுமை டோர்ட்டியாவில் கொழுப்பு இருக்கலாம். தமாலே என்கிற, மாசாவை ஆவியில் வேகவைக்கும் பண்டத்தின் மாவில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோலேயைக் கோழிச் சாற்றில் இளக்குவார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "இது சைவமா?" என்று கேட்டால் "ஆமாம், கறி இல்லை" என்பார்கள், அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. கார்னே என்றால் பேச்சு வழக்கில் சிவப்பு இறைச்சி என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள், கோழிச் சாறு அந்தக் கணக்கிலேயே வராது. அதனால் பொருளின் பெயரை ஸ்பானிஷிலேயே சொல்லிக் கேட்க வேண்டும். "யேவா மான்டேகா?" பன்றிக் கொழுப்பு சேர்க்கிறீர்களா? "யேவா கால்டோ தே போயோ?" கோழிச் சாறு சேர்க்கிறீர்களா? இந்த இரண்டு கேள்வி போதும். சிரித்த முகத்தோடு கேட்டால் சமையலறையிலிருந்தே ஆள் வந்து பதில் சொல்வார்கள். டாக்கேரியாவில் கூட்டம் நெரியும் ஏழு மணிக்கு இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. குடும்ப உணவகத்தில் முடியும், முன்கூட்டியே தொலைபேசியிலும் கேட்கலாம். அம்மாவோடு போகும்போது மேஜைக் கடையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் நாற்காலி இல்லை, இதுதான்.

விசாரிக்க நேரமே இல்லை, பசி தாங்காத சைவக்காரர் கூட இருக்கிறார் என்றால், சங்கிலிக் கடையான சிபோட்லே கைகொடுக்கும். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிஷன் வட்டாரத்து டாக்கேரியாக்களைப் பார்த்த ஸ்டீவ் எல்ஸ் 1993-ல் டென்வரில் தொடங்கியது அது. அங்கே சோறும் இரண்டு வகைப் பயறும் விலங்குப் பொருள் எதுவும் இல்லாமல் செய்கிறார்கள், டோஃபு மசாலாவும் உண்டு. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே பதில் கிடைக்கும். சுவையில் நம் தெரு டாக்கேரியாவுக்கு அருகே வராது. ஆனால் வழிப்பயணத்தில் அம்மாவுக்கு நம்பிக்கையோடு வாங்கிக்கொடுக்க முடிந்தது அங்கேதான்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் வண்டியில் ஒரு டாக்கோ மூன்று, நான்கு டாலர். டாக்கேரியாவில் பெரிய பரிட்டோ பன்னிரண்டிலிருந்து பதினைந்து டாலர், அதைக் குறுக்கே வெட்டித் தரச் சொன்னால் இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். மேஜைக் கடையில் தட்டு இருபது டாலரைச் சுற்றி, அதற்கு மேல் வரி, அதற்கு மேல் பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம். நாலு பேர் போனால் வித்தியாசம் நாற்பது டாலர் வரும். வாரா வாரம் போகிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

குடிக்க, மூன்று இடத்திலும் கோலாவை விட்டுவிட்டு அகுவா ஃப்ரெஸ்கா கேளுங்கள். ஓர்சாட்டா என்றால் அரிசியை ஊறவைத்து அரைத்து வடித்துப் பட்டையும் சர்க்கரையும் சேர்த்தது. ஹமாய்க்கா என்றால் புளிச்சக்கீரை இனத்துச் செடியில் பூவைத் தாங்கும் சிவப்புப் புல்லியிதழில் எடுத்தது. தமரிந்தோ என்றால் புளித்தண்ணீரில் சர்க்கரை. சுக்கும் ஏலக்காயும் இல்லாத பானகம்.

போன அக்டோபரில் அம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை மூன்று கடைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வாசலில் டோர்ட்டியா தட்டும் அந்த அம்மாவின் கடைக்கே போனோம். பானைப் பயறு தண்ணீரில் வெந்தது என்று சமையலறையிலேயே சொன்னார்கள். சோறு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சூடான டோர்ட்டியா துணியில் சுற்றி வந்தது. கூடவே வெங்காயமும் தக்காளியும் போட்டு எண்ணெயில் வதக்கிய நோபாலெஸ் ஒரு தட்டு கேட்டிருந்தேன். அம்மா ஒரு துண்டை எடுத்து, கொழகொழப்பைப் பார்த்துவிட்டு, "வெண்டைக்காயா?" என்றார்.

"இல்லம்மா, சப்பாத்திக்கள்ளி."

"நம்ம கொல்லை வேலியோரம் இருந்துதே, அதுவா?"

"அதேதான். முள்ளைச் சீவிட்டுப் பண்ணுவாங்க."

கொஞ்ச நேரம் மென்று பார்த்தார். அப்புறம் டோர்ட்டியாவைப் பிய்த்து, கொஞ்சம் பயற்றையும் அதன் மேல் இரண்டு துண்டு கள்ளியையும் வைத்து மடித்து, தானே பச்சைச் சட்னியை ஊற்றிக்கொண்டார். வாசலில் தட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பி, விரலால் மேஜையைக் காட்டி, இன்னும் வேண்டுமா என்று கையாலேயே கேட்டார். அம்மா இரண்டு விரலைக் காட்டினார்.